கூடப் பிறந்த பூனைகள் பகையாளி ஆனபோது

புதுப் பூனையைப் பழைய பூனையோடு எப்படிச் சேர்த்துவைப்பது என்று கேட்டால் சொல்வதற்கு நிறையப் பேர் இருக்கிறார்கள். பிறந்ததிலிருந்து ஒன்றாக வளர்ந்த இரண்டு பூனைகள் திடீரென்று ஒருநாள் ஒன்றை ஒன்று கொல்லப் பாய்ந்தால் என்ன செய்வது என்று கேட்டால்தான், "யாருக்காவது ஒன்றைக் கொடுத்துவிடுங்கள்" என்பதைத் தவிர வேறு பதில் வருவதில்லை. நாங்கள் கொடுக்கவில்லை. அடங்குவதற்குப் பல மாதம் ஆனது, ஆனால் அடங்கியது. இதே நிலைமையில் இருப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சோழி பெட்டை, முறுக்கு ஆண். இரண்டும் ஒரே ஈற்றுக் குட்டிகள், இரண்டுக்கும் கருத்தடை ஆகிவிட்டது. பெரம்பூரில் முதல் மாடியில் இரண்டு படுக்கையறை வீடு, நான், என் கணவர், அவ்வப்போது கோவில்பட்டியிலிருந்து வந்து தங்கும் அத்தை. பால்கனிக்குக் கம்பி கிரில் போட்டிருக்கிறோம், அதனால் பூனைகள் வெளியே போக வழியில்லை. ஆனால் வெளியே இருப்பது சன்ஷேடு வழியாகக் கிரில் வரைக்கும் வரலாமே! வந்தது. தெருவில் திரியும் ஒரு பெரிய கடுவன், காது கிழிந்தது, முகம் பூசணிக்காய் மாதிரி. அதுவும் முறுக்கும் கிரிலுக்கு இருபுறமும் நின்று அடிவயிற்றிலிருந்து ஊளையிட்டன. சத்தம் கேட்டு என்னவென்று பார்க்கப் பாவம் சோழி பின்னால் வந்து நின்றாள். முறுக்கு திரும்பினான், பார்த்தான், அப்படியே அவள் மேல் பாய்ந்துவிட்டான். முடி பறந்தது, அவள் பயத்தில் அங்கேயே மூத்திரம் விட்டுவிட்டு வாஷிங் மெஷினுக்கு அடியில் புகுந்துகொண்டாள். கடுவன் நிதானமாக இறங்கிப் போய்விட்டது.

இரவில் சரியாகிவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். மறுநாள் சோழி தலையை நீட்டினால் போதும், முறுக்கு துரத்துகிறான். அவனைப் பார்த்தாலே அவள் சீறுகிறாள், அவள் சீறினால் அவனுக்கு இன்னும் வெறி ஏறுகிறது.

கால்நடை மருத்துவர் இதை ரீடைரக்டட் அக்ரெஷன் என்றார். பக்கத்தில் போக முடியாத எதிரி மேல் வந்த கோபம், கைக்கெட்டிய ஆள் மேல் இறங்குவது. பூனைக்கு ஒருமுறை அப்படி ஏறினால் சில மணி நேரம், சிலதுக்கு ஒன்றிரண்டு நாள்கூட இறங்காதாம். அதற்குள் மறுபடி மறுபடி இரண்டும் நேருக்கு நேர் வந்துவிட்டால் முதல் காரணம் மறைந்துபோய், "இவளைப் பார்த்தால் சண்டை" என்பதே பழக்கமாகிவிடும். எனக்கு இதைக் கேட்ட பிறகுதான் விஷயம் பிடிபட்டது. முறுக்குக்குச் சோழி மேல் பொறாமையும் இல்லை, பழைய பகையும் இல்லை. சண்டை வெளியிலிருந்து வந்தது. அதனால் இரண்டையும் சமாதானப்படுத்துவதற்கு முன்னால் ஜன்னலைச் சமாதானப்படுத்த வேண்டும்.

அதற்கு முன் காயங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இதில் பலர் அலட்சியமாக இருப்பதைப் பார்க்கிறேன். இரண்டாவது சண்டையில் என் கணவர் கையை நடுவில் விட்டார், நன்றாகக் கடி வாங்கினார். கையை விடவே கூடாது. தடித்த போர்வையைப் போடலாம், தலையணையையோ பெரிய அட்டையையோ இரண்டுக்கும் நடுவில் செருகலாம். கடி பட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, நேராக ஆஸ்பத்திரி. வீட்டுப் பூனைதானே என்று உட்கார்ந்திருக்காதீர்கள், ரேபீஸ் ஊசி தேவையா இல்லையா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அந்த ஊசி இலவசம்தான். இன்னொன்று, பூனைப் பல் ஊசி மாதிரி மெல்லிசு. வெளியே சின்னப் புள்ளி, உள்ளே ஆழம். மேல்தோல் சீக்கிரம் மூடிக்கொள்ளும், கிருமி உள்ளேயே தங்கிச் சீழ் பிடிக்கும்.

சோழிக்கும் அதுவேதான் நடந்தது. வால் அடியில் கட்டி மாதிரி வீங்கி, தொட்டால் கத்தினாள். மருத்துவர் கீறிச் சீழை எடுத்துவிட்டு, பின்பக்கம் கடி என்றால் இவள் சண்டை போடவில்லை, ஓடிக்கொண்டிருந்திருக்கிறாள் என்றார். கேட்கவே கஷ்டமாக இருந்தது. அவள் வலியில் முனகுவதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் நல்ல மனதோடு பாராசிட்டமால் அரை மாத்திரை கொடுக்கச் சொன்னார். தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள். பூனையின் ஈரலால் அதைச் சமாளிக்க முடியாது, ரத்தம் கெட்டு உயிரே போகும், பாதி மாத்திரையே அதற்குப் போதும்.

சரி, பிரித்துவைத்தோம். ஏசி உள்ள அறை சோழிக்கு, ஹாலும் மற்றதும் முறுக்குக்கு. (நாங்கள் அந்த மே மாதம் முழுக்க ஹாலில் ஃபேனுக்கு அடியில் புழுங்கினோம், அது தனிக்கதை.) இரண்டு பக்கமும் தனித்தனிச் சாப்பாட்டுக் கிண்ணம், தண்ணீர், லிட்டர் பாக்ஸ் (பூனை மலம், மூத்திரம் போவதற்கான மணல் தட்டு). பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக லிட்டர் பாக்ஸ் இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு, அதுவும் வரிசையாக ஒரே மூலையில் வைத்தால் பயனில்லை. ஒரு பூனை வாசலில் உட்கார்ந்துகொண்டு மற்றதைப் போகவிடாமல் மறிக்கும், நாம் அதைச் சும்மா உட்கார்ந்திருக்கிறது என்று நினைப்போம்.

அத்தைக்கு இந்தப் பிரிப்பு கொஞ்சமும் பிடிக்கவில்லை. "கூடப் பொறந்ததுதானம்மா, ரெண்டையும் ஒரே ரூம்ல விட்டுக் கதவைச் சாத்து, அடிச்சுக்கிட்டுத் தானா ஓஞ்சு போகும்" என்று தினமும் ஒருமுறை சொல்வார். "இல்ல அத்தை, நாய் மாதிரி இதுங்க பணிஞ்சு போய் சமாதானம் ஆகாதாம். ஒண்ணு ஓடும், இல்லேன்னா அடிக்கும்" என்று நானும் தினமும் ஒருமுறை சொல்வேன். நாய்களிடம் ஒன்று மல்லாந்து படுத்தால் விஷயம் முடிந்தது. பூனையிடம் அப்படி விட்டுக்கொடுக்கும் ஜாடை சரியாகக் கிடையாது. அடைத்து வைத்தால் பயம்தான் கூடும்.

அடுத்தது ஜன்னல் வேலை. பால்கனி கிரிலின் கீழ்ப்பாதிக்கு மூங்கில் தட்டி கட்டினோம், ஹால் ஜன்னல் கண்ணாடியின் கீழ்ப்பாதியில் மங்கலான ஸ்டிக்கர் ஒட்டினோம், வெளியே பார்க்க முடியாதபடி. கடுவன் சுவரில் பீய்ச்சிவிட்டுப் போயிருந்த மூத்திர நாற்றமும் போக வேண்டும், அது இருக்கும்வரை முறுக்கு அங்கேயேதான் மோப்பம் பிடித்துக்கொண்டிருப்பான். இதற்கென்று என்சைம் கலந்த கிளீனர் கிடைக்கிறது, அதுதான் சரி. ஃபினாயில் போட்டுத் துடைக்காதீர்கள், அதில் உள்ள ஃபீனால் வகை ரசாயனங்கள் பூனைக்கு விஷம். தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கும் அல்லவா. எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்காவிடம் இதைப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது, ஃபினாயில் வாசம் இல்லாவிட்டால் வீடு துடைத்த மாதிரியே இல்லை என்பார்.

கடுவனையும் சும்மா விட முடியாது. விரட்டினால் ஒரு மணி நேரத்தில் திரும்பி வரும். தெருவில் பூனைகளுக்குச் சாப்பாடு வைக்கும் ஒரு அம்மா மூலமாகக் கூண்டு வைத்துப் பிடித்து, கருத்தடை செய்து, காது நுனியில் அடையாளம் போட்டு, அதே தெருவில் கொண்டுவந்து விட்டார்கள். உடனே சாது ஆகிவிடாது, ஹார்மோன் இறங்குவதற்குச் சில வாரம் எடுக்கும். பிறகு ஊளையும் பீய்ச்சலும் நன்றாகக் குறைந்தன. என்னைக் கேட்டால் மொத்த முயற்சியில் அதிகப் பலன் கொடுத்தது இந்த வேலைதான்.

அப்புறம் வாசனை. பூனைக்கு வாசனைதான் ஆதார் கார்டு. ஒன்றாக வாழும் பூனைகள் ஒன்றின் மேல் ஒன்று உரசி உரசி எல்லோருக்கும் ஒரே வாசனையாக வைத்துக்கொள்கின்றன, பிரித்து வைத்ததும் அது கலைந்துவிடும். சுத்தமான பழைய துணியால் சோழியின் கன்னத்தைத் தேய்த்து (கன்னத்தில்தான் அந்தச் சுரப்பி இருக்கிறது) முறுக்கின் பக்கம் வைப்போம், அவனுடையதை அவள் பக்கம். முதலில் அவன் துணியைப் பார்த்தே சீறினான். மூக்கில் திணிக்காமல் தூரத்தில் போட்டுவைத்து, மெதுமெதுவாகச் சாப்பாட்டுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் நகர்த்தினோம். ஒருநாள் அதன் மேலேயே படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். இடையிடையே அவனைச் சமையலறையில் அடைத்துவிட்டு அவளை ஹாலில் உலவ விடுவோம், அவனை அவள் அறையில் விடுவோம்.

மூடிய கதவின் இருபுறமும் சாப்பாடு வைப்பதும் இதே காலத்தில்தான். தொடக்கத்தில் கதவிலிருந்து பல அடி தள்ளி. இரண்டும் நிம்மதியாகச் சாப்பிட்டால் அடுத்த நாள் கொஞ்சம் கிட்டே, சாப்பிடாமல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தால் மறுபடி பின்னால். யார் பயப்படுகிறார்களோ அவர்கள்தான் வேகத்தைத் தீர்மானிப்பார்கள், நம் அவசரம் செல்லாது. இங்கே அத்தை கட்சி மாறினார். உப்பில்லாமல் வேகவைத்த நெத்திலியை இரண்டாகப் பிரித்துக் கதவின் இருபக்கமும் வைக்கும் பொறுப்பை அவரே எடுத்துக்கொண்டார், "உள்ள உன் அக்கா சாப்பிடுறா பாரு" என்று முறுக்கிடம் பேசிக்கொண்டே. ஒரே ஈற்றில் யார் அக்கா, யார் தம்பி என்று அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

கதவு ஒட்டிச் சாப்பிடும் நிலை வந்ததும் கார்பென்டரைக் கூப்பிட்டு அந்த அறைக்கு அலுமினிய ஃபிரேமில் கம்பி வலைக் கதவு போட்டோம். நைலான் கொசுவலை வேண்டாம், நகம் பட்டால் அரை நொடி. வலைக்கு மேல் பெட்ஷீட் தொங்கவிட்டு, ஒவ்வொரு வாரமும் ஒரு சாண் உயர்த்தினோம். முதலில் பாதங்கள் மட்டும் தெரியும், பிறகு மூக்கு, பிறகு முழு முகம். இந்தக் கட்டத்தில் எதைக் கவனிக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். சீறலைக் கண்டு பயப்பட வேண்டாம், அது "கிட்டே வராதே" என்பதுதான். சத்தமே இல்லாமல் உடம்பை இறுக்கி, காதைத் திருப்பி, கண் கொட்டாமல் முறைப்பதுதான் ஆபத்து, அடுத்தது பாய்ச்சல். முறைப்பு தொடங்கினால் குச்சியில் கட்டிய இறகைக் காட்டிக் கவனத்தைத் திருப்புவேன். அதட்டுவது, தண்ணீர் பீய்ச்சுவது எதுவும் கூடாது, அவள் வந்தால் தனக்குத் திட்டு விழும் என்றுதான் அவன் மனதில் பதியும்.

வலையைத் திறந்து நேராக விட்டபோது முதலில் முறுக்கை விளையாட வைத்துக் களைப்பாக்கி, இரண்டுக்கும் சாப்பாடு போட்டு, எல்லாம் நன்றாக இருக்கும்போதே பிரித்துவிட்டோம். ஐந்து நிமிடம் சும்மா இருந்தால் அதுவே வெற்றி. சோழி மேலே ஏறிக்கொள்ள பீரோவுக்குப் பக்கத்தில் இரண்டு பலகை அடித்து லாஃப்ட் வரை வழி செய்தோம். உயரம் கிடைத்ததும் அவள் நடையே மாறியது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்த நேரத்தில் தீபாவளி. பத்தாயிரம் வாலா சத்தத்தில் முறுக்கு கட்டிலுக்கு அடியில் கிடந்துவிட்டு, வெளியே வந்ததும் முதல் வேலையாகச் சோழியைத் துரத்தினான். மறுபடி கதவை மூடி, துணி, கிண்ணம், வலை என்று எல்லாம் முதலிலிருந்து. ஆனால் இந்த முறை பாதி நாட்கள்கூட ஆகவில்லை. நடுவில் ஃபெலிவே டிஃப்யூசரும் (பூனையை அமைதிப்படுத்தும் செயற்கை வாசனையை அறையில் பரப்பும் கருவி) வாங்கிச் செருகினேன், விலை அதிகம், அதனால் ஆனதா அல்லது தானாக ஆனதா என்று சொல்ல முடியவில்லை. இதற்கும் மசியாவிட்டால் மனப்பதற்றத்துக்கான மாத்திரை இருக்கிறது என்று மருத்துவர் சொல்லியிருந்தார், அது தேவைப்படவில்லை. தேவைப்பட்டிருந்தால் யோசிக்காமல் கொடுத்திருப்பேன். அதேபோல், வெளிக்காரணம் எதுவும் தெரியாமல் ஒரு பூனை அடிக்க ஆரம்பித்தால் முதலில் உடம்பைப் பரிசோதியுங்கள். பல் வலி, மூட்டு வலி, வயதான பூனைக்குத் தைராய்டு என்று எதுவும் இருக்கலாம்.

இப்போது இரண்டும் முன்போல ஒன்றை ஒன்று நக்கிக்கொள்வதில்லை. ஒரே சோபாவில் இரண்டு முனையில் படுக்கின்றன, சாப்பாட்டு நேரத்தில் மூக்கோடு மூக்கு உரசிக்கொள்கின்றன, எனக்கு அது போதும். தடுப்பூசிக்கு இரண்டையும் ஒரே நாளில் கொண்டுபோகிறோம். ஒன்று மட்டும் ஆஸ்பத்திரி வாசனையோடு திரும்பி வந்தால் மற்றது அடையாளம் தெரியாமல் அடிக்கும் என்பதால். ஒன்றை மட்டும் கொண்டுபோக வேண்டி வந்தால், திரும்பி வந்ததும் ஓரிரவு தனி அறையில் வைத்து, வீட்டு வாசனை ஏறிய பிறகுதான் விடுகிறோம். வலைக் கதவைக் கழற்றிவிடலாமா என்று கேட்டதற்கு அத்தை, "இருக்கட்டும்மா, கொசுவாவது வராம இருக்கும்" என்றார். அடுத்த தீபாவளிக்கும் வேண்டியிருக்கும் என்று நானும் விட்டுவிட்டேன்.