பட்டன் வேண்டாம் என்றவர்

"டிச் பட்டன் மட்டும் வேண்டாம் தம்பி" என்றார் அந்தப் பெரியவர். ஏன் என்று நான் கேட்கவில்லை. பழைய கான்வாஸ் துப்பாக்கி உறையின் பட்டனைக் கட்டை விரலால் நெம்பிப் பார்த்து, முடியாமல், இடது கையையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டு அவர் பிரித்தது என் கண் முன்னால்தான் நடந்தது.

ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருப்பவர். தேர்தலுக்காக ஸ்டேஷனில் ஒப்படைத்த கான்பூர் .32 ரிவால்வரைத் திரும்ப வாங்கிக்கொண்டு, மலையேறும் வழியில் அஸ்தம்பட்டிப் பக்கம் இருக்கும் என் கடைக்கு வந்திருந்தார். தோட்டத்தில் காட்டெருமை நடமாட்டம் என்றார். .32-ஐ வைத்துக்கொண்டு காட்டெருமையை ஒன்றும் செய்துவிட முடியாது, சட்டப்படி செய்யவும் கூடாது. அது அவருக்கும் தெரியும். தனியாக இருக்கும் வீட்டில் இடுப்பில் ஒன்று இருந்தால் ஒரு தைரியம், அவ்வளவுதான்.

"பட்டன் இல்லாம குனிஞ்சா நழுவிடுங்க ஐயா."

"தோலே பிடிச்சுக்கற மாதிரி செய்வியாமே? அதுக்குத்தான் உங்கிட்ட வந்தேன்."

"பிடிக்குங்க. ஆனா எடுக்கறப்போ கொஞ்சம் பலம் வேணும்."

"உறை செய்யறது உன் வேலை. எடுக்கறது என் வேலை."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் அந்த வாக்கியம் இன்னும் சரியாக இறங்கவில்லை.

துப்பாக்கியை என்னிடம் விட்டுவிட்டுப் போக முடியாது. லைசென்ஸ் இல்லாதவன் கையில் ஒரு ராத்திரி இருந்தாலும் இருவருக்கும் வழக்குதான். அதனால் தோட்டா இல்லை என்பதைத் திறந்து காட்டச் சொல்லி, அவர் முன்னாலேயே அளவெடுத்தேன். ஏற்கெனவே ஆசாரியிடம் சொல்லிச் செதுக்கி வைத்திருந்த .32 மரக்கட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்தேன், பொருந்தியது. பிறகு எல்லாமே அந்தக் கட்டையை வைத்துத்தான்.

தோல் ஈரோட்டிலிருந்து வருவது, மூன்று மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூட. பட்டைச் சாற்றில் பதனிட்ட தோலாக இருக்க வேண்டும். குரோம் உப்பில் பதனிட்ட தோலை எவ்வளவு அழுத்தினாலும் காய்ந்ததும் பழையபடி எழுந்துவிடும். பட்டைத் தோல் அப்படியில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் முக்கி, குமிழி நின்றதும் எடுத்து, கொஞ்சம் ஆறவிட்டு, கட்டையின் மேல் வைத்து அழுத்தினால் அழுத்திய இடத்தில் அப்படியே நிற்கும். சிலிண்டரின் பிதுக்கம், டிரிக்கரைச் சுற்றிய வளையம், இந்த இரண்டு இடங்களில்தான் உறையின் பிடிப்பே இருக்கிறது. முதலில் விரல், அப்புறம் மாட்டுக் கொம்பைத் தேய்த்து வழவழப்பாக்கிய என் சின்னக் கருவி. வளையத்தின் ஓரத்தில் கொம்பை இழுக்கும்போது ஈரத்தோலில் கறுத்த கோடு ஒன்று விழும். அந்தக் கோடு ஆழமாக விழ விழப் பிடிப்பு கூடும். காய வைப்பது நிழலில். சேலத்து வெயிலில் வைத்தால் தோல் சுருங்கி விறைத்து, ஓரத்தில் வெடிப்பும் காட்டிவிடும்.

காய்ந்த பிறகு வழக்கமாக நான் செய்வது ஒன்று உண்டு. கட்டையைப் பாலிதீன் காகிதத்தில் சுற்றி, உறைக்குள் திணித்து, ராத்திரி முழுக்க விட்டுவிடுவேன். காகிதத்தின் கனம் அளவுக்குத் தோல் இளகிக் கொடுக்கும். முதல் நாளே துப்பாக்கி சுலபமாக வெளியே வரும்.

அந்த உறைக்கு அதை நான் செய்யவில்லை.

மறந்து விட்டுப்போகவில்லை, பாலிதீன் பக்கத்திலேயேதான் இருந்தது. பட்டனைத் திறக்க முடியாத கையால் டிரிக்கரைக் கட்டுப்படுத்த முடியுமா என்ற யோசனையிலேயே விளிம்புக்கு மெழுகு தேய்த்து, பெல்ட் வளையத்தைத் தைத்து முடித்துவிட்டேன். உறையில் குறை ஒன்றும் இல்லை. பட்டன் இல்லாத உறை இறுக்கமாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்தக் கைவேலைக்காரனும் சொல்வான். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன், இப்போதும் சொல்கிறேன். எத்தனை இறுக்கம் என்று கேட்டால்தான் பேச்சு நின்றுவிடுகிறது.

வாங்க வந்தபோது ரிவால்வரை உள்ளே வைத்து இழுத்துப் பார்த்தார். வரவில்லை. மறுபடி இழுத்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். "புதுசு இறுக்கமாத்தான் இருக்குங்க" என்றேன். அது பொய் இல்லை. ராத்திரி உறையிலேயே வைக்காதீர்கள், மலைக் குளிருக்குத் தோல் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், இரும்பு துருப்பிடிக்கும் என்று நீளமாகச் சொன்னேன். எண்ணெய் பூசாதீர்கள், தோல் தொளதொளத்துப் போகும் என்றேன். பாலிதீன் விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. "சரி, பழகிடும்" என்று சொல்லி, பேரம் பேசாமல் முழுப் பணமும் கொடுத்துவிட்டுப் போனார். அந்தச் "சரி"யில் ஏதாவது இருந்ததா, நானாகத்தான் தேடுகிறேனா, தெரியவில்லை.

என் மச்சானிடம் சொன்னபோது, "லைசென்ஸ் கொடுத்தவங்களுக்கே இல்லாத கவலை உனக்கு எதுக்கு மாப்ள?" என்றான். நியாயம்தான். ஆனால் லைசென்ஸை ஐந்து வருடத்துக்கு ஒரு தடவைதான் புதுப்பிக்கிறார்கள். அதற்கு நடுவில் விரலில் பலம் போனால் யார் பார்ப்பது? பார்த்தது நான்தான். அதே சமயம், ராத்திரியில் நிஜமாகவே யாராவது கதவை உடைத்துக்கொண்டு வந்து, அவர் இழுத்து, அது வராமல் போனால்? இந்த இடத்துக்கு வந்ததும் மனசு உடனே மலையின் ஈரத்தைத் துணைக்குக் கூப்பிடும். அந்த ஊர்ப் பனிக்குத் தோல் தானாகவே கொஞ்சம் தளர்ந்துவிடும் என்று. தளர்ந்தால் எனக்கு நிம்மதி. தளர்ந்தால் நான் விட்டுவைத்த இறுக்கத்துக்கும் அர்த்தமில்லை.

போன மாசம் ரியல் எஸ்டேட் பையன் ஒருவன் வந்தான். டிரிக்கர் பக்கம் தோலை வெட்டித் திறந்து விடணும், சட்டுனு விரல் போகணும் என்றான். டிரிக்கரை மூடாத உறை என் கடையில் கிடையாது தம்பி என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டேன். பெங்களூரில் வாங்கிக்கொள்கிறேன் என்றான். வாங்கிக்கோ என்றேன். இவனிடம் இவ்வளவு சுலபமாக வந்த வாய், பெரியவரிடம் ஏன் வரவில்லை? வயதுக்கு மரியாதை என்று சொல்லலாம். மரியாதை இருந்திருந்தால் நேரில் சொல்லியிருப்பேன் என்றும் சொல்லலாம்.

அதற்குப் பிறகு பெரியவரின் டிரைவர் பெல்ட்டை எடுத்துக்கொண்டு வந்தார். இடுப்பு இளைத்துவிட்டதாம், உள்ளே தள்ளி இரண்டு ஓட்டை வேண்டும் என்றார். உறை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "தினமும் அதைக் கட்டிக்கிட்டுத்தான் தோட்டத்தைச் சுத்தறாருங்க" என்றார். பாலிதீனைச் சொல்லி அனுப்பலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். முதலாளியின் துப்பாக்கியைப் பற்றி டிரைவரிடம் பேசுவது முறையில்லை என்று ஒரு காரணம் கிடைத்தது. ஓட்டையைப் போட்டுக் கொடுத்தேன். காசு நீட்டினார், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.