பனியனைப் புதைத்துப் பார்த்தேன்: முதல் சுற்று

பல்லடம் பக்கம் வீட்டுக்குப் பின்னால் 4 சென்ட் கிடக்கிறது. சுக்கான், அதாவது சுண்ணாம்புக் கல், கலந்த செம்மண். ஒரு பிடி அள்ளி வினிகர் ஊற்றினால் சோடா மாதிரி பொங்கும். போன பட்டத்தில் மிளகாய்க் கொழுந்தெல்லாம் வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்பு இருந்தாலும் வேர் எடுக்க முடியாது. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதியும் (இரும்பு சல்பேட் உப்பு) கொஞ்சம் எலுமிச்சைச் சாறும் கலந்து தெளித்தேன்; அடுத்த கொழுந்து தெளிந்து வந்தது. காலமெல்லாம் தெளித்துக்கொண்டிருக்க முடியுமா? அறுவடை முடிந்ததும் பசுந்தாள் உரத்துக்காகச் சணப்பு விதைத்து, பூவெடுக்கும்போது மண்ணுக்குள் கொத்தி மடக்கிவிட்டேன்.

மண்ணுக்கு உயிர் வந்ததா என்று பார்க்கத்தான் பனியன். சுவிட்சர்லாந்தில் 2021-இல் 1000 பேரிடம் 2000 பருத்தி ஜட்டிகளைக் கொடுத்துப் புதைக்கச் சொன்னார்கள். பருத்தி என்பது செல்லுலோஸ் என்ற தாவர நார்ப்பொருள்; மண்ணில் பூஞ்சையும் பாக்டீரியாவும் சுறுசுறுப்பாக இருந்தால் தின்று தீர்த்துவிடும். திருப்பூர் பக்கத்தில் இருந்துகொண்டு கட்பீஸுக்கா பஞ்சம்?

சணப்புப் பாத்தியில் ஒன்று, தென்னைமட்டை மூடாக்குக்கு அடியில் ஒன்று, நடைபாதையில் ஒன்று. அரை அடி ஆழம், 60 நாள். "பனியன் வெதச்சா பனியனா மொளைக்கும், கண்ணு?" என்றார் அப்புச்சி.

நடைபாதைத் துணியைத் துவைத்தால் போட்டுக்கொள்ளலாம், அப்படியே இருந்தது. சணப்புப் பாத்தியில் எடுத்தது டீக்கறை நிறத்தில், சல்லடையாக, நூல் நூலாய்ப் பிரிந்தது; ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சை இழை. மூடாக்குக்கு அடியில் ஓவர்லாக் பாலியஸ்டர் நூல் மட்டும்தான் மிச்சம். குதித்தேன்.

அப்புச்சி குந்தி உட்கார்ந்து, நூலில் ஒட்டியிருந்த மண்பூச்சை நகத்தால் சுரண்டினார். "கரையான், கண்ணு. உம்பட ஆராய்ச்சி அத்தனையும் அதும் வயித்துல."

இன்னொரு கோளாறும் அப்போதுதான் உறைத்தது. மற்ற இரண்டுக்கும் சொட்டுநீர் உண்டு, நடைபாதைக்குப் பொட்டுத் தண்ணீர் இல்லை. காய்ந்த மண்ணில் நுண்ணுயிர் தூங்கத்தான் செய்யும். நான் அளந்தது மண்ணையா, ஈரத்தையா?

இரண்டாம் சுற்றுக்குத் துணியை அலசிக் காயவைத்து, 10 கிராம் வீதம் நிறுத்து, கொசுவலைப் பையில் தைத்து, ஆவணிக் கடைசியில் புதைத்தாயிற்று. மூன்று இடத்துக்கும் ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரே சொம்புக் கணக்கில் தண்ணீர். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் அந்த வேலையும் மிச்சம்.