‘வைஃபை வேலை செய்யுதில்லை’ என்று மட்டும் எழுதி அனுப்பாதீர்கள்

யாழ்ப்பாணத்தில் கைமாறி வரும் பழைய லப்டொப்களில் டெபியன் (லினக்ஸ் வகை இலவச இயங்குதளம்) போட்டுப் பார்த்து, எது ஓடும் எது ஓடாது என்று அட்டவணை எழுதத் தொடங்கியபோது மாடல் பெயரைத்தான் பதிந்தோம். அது பிழை. ஒரே மாடலுக்குள் இரண்டு மூன்று விதமான வைஃபை கார்ட் வரும். திருத்தினவர் மாற்றிப் போட்டும் இருப்பார்.

நீங்கள் எங்களுக்குச் சோதனை முடிவு அனுப்பும்போது பதியவேண்டியது கார்டின் அடையாள எண். டேர்மினலில் (கட்டளை தட்டும் திரை) வன்பொருளைப் பட்டியலிடும் ‘எல்எஸ்பிசிஐ’ கட்டளையை என், என், கே தெரிவுகளோடு (lspci -nnk) கொடுத்தால் நான்கு இலக்கம், முக்காற்புள்ளி, நான்கு இலக்கம் என்று வரும். முன்பாதி தயாரிப்பாளர் (இன்டெல் என்றால் 8086), பின்பாதி அந்தச் சிப். எந்த டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) பிடித்திருக்கிறது என்பதும் கீழே இருக்கும். அந்த வரி இல்லையென்றால் டிரைவர் ஏறவில்லை.

டிரைவர் ஏறியும் வைஃபை வராவிட்டால் கேர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) எழுதும் பதிவில் ஃபேர்ம்வெயார் (firmware, கார்டுக்குள் ஏற்றவேண்டிய மென்பொருள்) என்ற சொல்லைத் தேடுங்கள். பிழை எண் -2 என்றிருந்தால் கோப்பு இல்லை, அவ்வளவுதான். கார்டைக் குறை சொல்லாதீர்கள். 2023இல் வந்த டெபியன் 12இலிருந்து மூடிய (மூலநிரல் வெளியிடாத) ஃபேர்ம்வெயாரும் நிறுவியோடேயே வருவதால் இந்தக் கரைச்சல் குறைவு. வைஃபை தடுக்கப்பட்டிருக்கிறதா என்று காட்டும் ‘ஆர்எஃப்கில்’ (rfkill) கட்டளையையும் ஒருக்காப் பாருங்கள். பக்கவாட்டுச் சுவிட்ச் ஓஃபில் கிடந்ததற்கு அரை நாள் மினக்கெட்டவர்கள் உண்டு.

கேர்னல் பதிப்பு இல்லாத ‘ஓகே’ எதற்கும் உதவாது. டெபியன் 11இல் 5.10, 12இல் 6.1, 13இல் 6.12. ஒன்றில் ஓடினது அடுத்ததில் படுத்துவிடலாம்.

சோதிக்கிறவர்கள் அதிகம் தவறவிடுவது உறக்கநிலை. மூடியை மூடி, பத்து நிமிடம் விட்டு, திறந்து, வைஃபையும் ஒலியும் திரும்ப வருகிறதா என்று பார்க்கவேண்டும். ஒருமுறை போதாது, மூன்று முறை. சில புது லப்டொப்களில் ஆழ்ந்த உறக்கமே இல்லை. மூடிவைத்தாலும் பற்றரி இறங்கும். அதைப் பழுது என்று எழுதமுன் எந்த உறக்க வகை என்று குறியுங்கள்.

பென் டிரைவிலிருந்து நேரடியாக ஓடவிட்டால் பதிவுகள் நினைவகத்தில்தான் இருக்கும். பற்றரி செத்த லப்டொப்பில் கரண்ட் போனால் எல்லாம் போச்சு. ஒவ்வொரு சோதனை முடிந்த கையோடும் இன்னொரு பென் டிரைவுக்குப் பிரதி எடுங்கள். அனுப்பமுன் மாக் முகவரியையும் (நெட்வேர்க் கார்டின் தனி எண்) வரிசை எண்ணையும் அழித்துவிடுங்கள்.

பிழையே இல்லாமல் நிறுவினாலும் டெபியனுக்கு நிறுவல் அறிக்கை அனுப்பலாம். அவர்கள் அதையும் கேட்கிறார்கள். 32 பிட் மட்டும் ஓடும் பழைய மெஷினென்றால் 13க்கு மினக்கெடவேண்டாம்; அதற்கு நிறுவியே இல்லை.