சிங்க் ஓரத்துச் சிலிகானும் வெளிறிப்போன கடப்பா கல்லும்

குன்னூரில் எங்கள் வீட்டு சிங்க்கைச் சுற்றி, இடுக்கில் தண்ணீர் இறங்காமல் அடைக்கப் போட்டிருந்த ரப்பர் மாதிரியான சிலிகான் கறுத்துப்போய் வெகுநாள் ஆகிறது. ஐப்பசி மழையில் இங்கே எதுவும் காய்வதில்லை, பூஞ்சை சிலிகானுக்குள்ளேயே இறங்கிவிடும். பிளீச்சிங் பவுடர் போட்டால் மேலாக வெளுக்கும், இரண்டு வாரத்தில் மறுபடி கறுப்பு. போன வருடம் வந்த பிளம்பர் பழையதை எடுக்காமல் அதன் மேலேயே புதிதாக இழுத்துவிட்டுப் போனார். மூன்றே மாதத்தில் நாடா மாதிரி உரிந்து வந்தது. காய்ந்த சிலிகான் மேல் புது சிலிகான் சரியாகப் பிடிக்காது. அது தெரிந்தவர் செய்கிற வேலையா இது?

சரி, நாமே எடுத்துவிடலாம் என்று மேட்டுப்பாளையம் வரை இறங்கினேன். "தின்னர் ஊத்துங்க, அப்படியே கரைஞ்சிடும்" என்று ஒரு டப்பாவைக் கொடுத்தார் கடைக்காரர். மலைப்பாதையில் போக வர ஒரு முழு நாள். சிலிகான் அசையவில்லை, ஜன்னல் சட்டத்துப் பெயின்ட்தான் கரைந்தது. ஹேர் டிரையர் சூட்டுக்கும் மசியவில்லை. 150 டிகிரியையே தாங்குகிற பொருள் அது.

அப்புறம் யாரோ சொன்னார்கள் என்று பாத்ரூம் ஆசிட்டைத் தொட்டேன். தயவுசெய்து நீங்கள் செய்யாதீர்கள். எங்கள் சிங்க் மேடை கடப்பா கல், அது சுண்ணாம்புக் கல் வகை. ஆசிட் பட்ட இடம் நுரைத்து, ஒரு சாண் அகலத்துக்கு வெளிறிவிட்டது. அம்மா இருபது வருடம் எண்ணெய் தொட்டுத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்த கல். இன்னும் அந்தப் பக்கம் பார்க்க மனசு வரவில்லை.

கடைசியில் உதவியது புது பிளேடுதான். டைல்ஸ் பக்கம் ஒரு கீறல், கல் பக்கம் ஒரு கீறல், முனையைப் பிடித்து மெதுவாக இழுத்தால் முழ நீளத்துக்கு வருகிறது. டைல்ஸில் சோப்புத் தண்ணீர் தடவி, பிளேடைப் படுக்க வைத்துச் சுரண்ட வேண்டும். பிளாஸ்டிக் தொட்டியில் பிளேடு வேண்டாம், பழைய ஏடிஎம் கார்டு போதும்.

கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் மிஞ்சும். தண்ணீர் தெளித்துப் பாருங்கள்: பரவாமல் முத்து முத்தாக நின்றால் அங்கே சிலிகான் இருக்கிறது. டர்பன்டைன் நனைத்த துணியைக் கால் மணி நேரம் போட்டுவைத்துத் தேய்த்தேன், உருண்டு உருண்டு வந்தது. குளிருக்காக ஜன்னலைச் சாத்தாதீர்கள். அடுப்பும் கணப்பும் அணைந்திருக்கட்டும்.

இடுக்கு காயவே இரண்டு நாள் ஆனது. ஹேர் டிரையர் உதவியது இதற்குத்தான். புது டியூப் வாங்கும்போது 'நியூட்ரல்' என்று கேட்டு வாங்கினேன். வினிகர் வாடை அடிக்கிற வகை இந்தக் கல்லை அரிக்கும். 24 மணி நேரம் போதும் என்று டியூபில் போட்டிருந்தது. எங்கள் குளிருக்கு மூன்று நாள் விட்டேன். இரண்டு மாத மழை பார்த்துவிட்டது, இன்றுவரை ஒரு கறுப்புப் புள்ளி இல்லை.