சங்கக் கணக்கில் கையெழுத்து மாற்றிய கதை

ஒருவழியாகப் புதிய காசோலைப் புத்தகம் கைக்கு வந்துவிட்டது. எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் வங்கிக் கணக்கில் கையெழுத்திடுபவரை மாற்ற இவ்வளவு அலைச்சல் என்று தெரிந்திருந்தால், செயலாளராக என்னை யார் முன்மொழிந்தாலும் வழிமொழிய விட்டிருக்கமாட்டேன்.

காரணம் சின்னதுதான். பழைய பொருளாளர் கனடா போய்விட்டார். எங்கள் கணக்கில் பொருளாளர் கையெழுத்து கட்டாயம், கூடவே தலைவர் அல்லது செயலாளர். வாய்க்கால் திருத்த வேலையைச் சங்கமே ஒப்பந்தமாக எடுத்துச் செய்ததில் மிஞ்சிய காசு, கதிரை, கிடாரம் வாடகைக் காசு எல்லாம் உள்ளே கிடக்கிறது. எடுக்க ஆளில்லை.

பொதுக்கூட்டம் சிக்கலில்லாமல் முடிந்தது. ஜி.எஸ் (கிராம அலுவலர்) வந்தார், கிராம அபிவிருத்தி உத்தியோகத்தர் வந்தார், புது நிர்வாகம் தெரிவாகியது, தேத்தண்ணியும் பணிசும் கொடுத்தோம்.

வங்கியில்தான் தொடங்கியது. கவுண்டரில் இருந்த மிஸ் கூட்ட அறிக்கையைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். ‘கையெழுத்திடுவோரை மாற்றுவதாகத் தீர்மானிக்கப்பட்டது’ என்றால் போதாதாம். கணக்கு இலக்கம், விலகுபவரின் பெயர், புதியவரின் முழுப்பெயர், அடையாள அட்டை இலக்கம் எல்லாம் தீர்மானத்துக்குள்ளேயே இருக்க வேண்டுமாம். படிவம் வாங்கப் போன அன்றே இதைச் சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

தீர்மானத்தைத் திருத்தி எழுத மறுபடி கூட்டம் வேண்டும். அதுவோ காலபோக நெல் வெட்டு நேரம். மெசின் வயலுக்குள் நிற்கும்போது கூட்டத்துக்கு யார் வருவார்? ஆனால் எங்கள் ஊரில் ஒன்று உண்டு. கூட்டம் என்றால் கதிரைகள்தான் வரும், சிரமதானம் என்றால் வீட்டுக்கு ஒருவர் மண்வெட்டியோடு வந்து நிற்பார். சரியென்று, பொதுநோக்கு மண்டப வளவில் பார்த்தீனியம் பிடுங்கக் காலை ஆறரைக்கு அறிவித்தோம். பூக்குமுன் வேரோடு பிடுங்கிக் குவித்து எரிக்க வேண்டிய சனியன் அது. வெறுங்கையால் தொட்டால் சொறியும் என்பதால் கையுறை இல்லாதவர்கள் பொலித்தீன் பையைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றார்கள். வேலை முடிய மாமர நிழலில் கூட்டத்தை நடத்தி, தீர்மானத்தை வாசித்து, அப்படியே கையெழுத்தும் வாங்கினோம். கோரத்துக்கு, அதாவது கூட்டம் செல்லுபடியாக வேண்டிய ஆட்தொகைக்கு, மேலேயே ஆட்கள். பக்கம் முழுக்கச் சேற்று விரலடையாளம். வங்கி மிஸ் பிறகு அந்தப் பக்கத்தை விரல் நுனியால் பிடித்துக்கொண்டு, “இது என்ன தம்பி ஊத்தை?” என்றார். “மண் மிஸ்” என்றேன்.

அதற்குள் எங்கள் உத்தியோகத்தருக்கு இடமாற்றம். பதில் கடமைக்கு வந்தவருக்கு வேறு பிரிவும் பொறுப்பு. அவர் உறுதிப்படுத்தும் கடிதம் தர, பழைய பொருளாளரின் விலகல் கடிதம் மூலப்பிரதியாக வேண்டும் என்றார். வாட்ஸ்அப்பில் வந்த படம் செல்லாது. கடைசியில் கோயில் திருவிழாவுக்கு வந்த பொருளாளரின் மச்சான் கையோடு கொண்டுவந்தார். உங்கள் சங்கத்தில் யாராவது வெளிநாடு போகிறார் என்று காதில் விழுந்தால், பிரியாவிடைச் சாப்பாட்டுக்கு முதல் விலகல் கடிதத்தில் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

இடையில் ஊரில் ஒரு செத்தவீடு. அந்த வீட்டில் அடுப்பு எரியாது, அயலட்டைதான் சமைத்துக் கொடுக்கும். பந்தல், கதிரை, கிடாரம் சங்கத்தின் பொறுப்பு. எங்களிடம் இருந்த கதிரைகளில் பாதி கால் உடைந்தவை. கணக்கில் காசை வைத்துக்கொண்டு பக்கத்து ஊர்ச் சங்கத்திடம் கதிரை இரவல் வாங்கினோம். அவர்கள் பெயர் முதுகில் எழுதிய கதிரைகளில் எங்கள் பெரியவர்கள் இருந்தார்கள். அன்று வந்த கோபம்தான் என்னை மறுபடி வங்கிக்குக் கொண்டுபோனது.

இந்தமுறை, “பதிவுச் சான்றிதழ் ஒறிஜினல் கொண்டு வாங்கோ” என்றார்கள். 2009இல் போருக்குள் வீட்டு உறுதி, பிறப்புச் சான்றிதழ் எல்லாம் விட்டு ஓடிய ஊர் இது. சங்கத்தின் சான்றிதழும் அப்போதே போய்விட்டது. 2010இல் மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமிலிருந்து திரும்பியபின், பதிவு இலக்கத்தை உறுதிப்படுத்தி வாங்கிய கடிதம்தான் எங்களிடம் இருந்தது. “உது செல்லாது” என்றார். நான் எழும்பவில்லை. “மிஸ், இந்தக் கணக்கைத் திறந்தபோது என்ன வாங்கினீங்கள் என்று ஒருக்கா பைலை எடுத்துப் பாருங்கோ” என்றேன். மேலாளர்வரை போய், மத்தியானத்துக்குப் பிறகு பைல் வந்தது. உள்ளே அதே கடிதத்தின் பிரதி, அவர்களுடைய சீலோடு. அதற்குமேல் பேச்சில்லை.

எந்தக் கடிதம் கொடுத்தாலும் உங்கள் பிரதியில் திகதியோடு சீல் வாங்குங்கள். உத்தியோகத்தர் ஊர்களுக்குப் போகும் வெளிக்கள நாளில் அவரைக் கந்தோரில் போய்த் தேடாதீர்கள். போன் பண்ணிவிட்டுப் போங்கள்.

புதிய பொருளாளர் பத்து மாடு வைத்திருக்கும் ஓர் அக்கா. பாஸ்போட் இருக்கிறதா என்று கூட்டத்திலேயே கேட்டுத்தான் தெரிவு செய்தோம். கதிரைக்கு முதல் காசோலை எழுதியாயிற்று. ஆனால் கணக்கில் பதிந்திருக்கும் தொலைபேசி இலக்கம் இன்னும் கனடாக்காரருடைய பழையதுதான். அதை மாற்ற வேறு படிவமாம். திங்கட்கிழமை போகிறேன்.