கரோக்கே மைக்கை வைத்துவிட்டுக் கூட்டத்தில் பாடிப் பார்த்தேன்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கிறது எங்கள் சுங்கை சிப்புட். இங்கே சனிக்கிழமை இரவு எந்தத் தாமானுக்குள், அதாவது குடியிருப்புப் பகுதிக்குள், நுழைந்தாலும் ஒரு வீட்டிலாவது கரோக்கே ஓடிக்கொண்டிருக்கும். எக்கோவை முக்கால்வாசி திருகி வைத்துவிட்டு அண்ணன்மார் பழைய பாட்டாகப் பார்த்துப் பாடிக்கொண்டிருப்பார்கள். நானும் அந்தக் கட்சிதான். இருபது பேரோடு நின்று பாடினால் நம் குரல் யாருக்குக் கேட்கப்போகிறது என்ற சந்தேகத்தோடுதான் ஊர்ப் பாடற்குழுவில் சேர்ந்தேன். சுதந்திர தினம், தீபாவளி உபசரிப்பு என்று சில மேடைகள் முடிந்துவிட்டன. அடுத்தது பொங்கல். இதுவரை நடந்ததை எழுதி வைக்கிறேன்.

குழுவில் பாதிப் பேர் தோட்டத்தில் பிறந்தவர்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகு லயன் என்னும் தோட்டத்து வரிசை வீட்டை விட்டு இங்கே தாமானுக்கு வந்தவர்கள். பலருக்கும் பாட்டு கோயில் பஜனையிலிருந்து வந்தது. மளிகைக்கடைச் சீன அக்கா ஒருவரும் வருகிறார். அவர் பேசும் தமிழைப் போலவே பாடும் தமிழிலும் பழுது சொல்ல முடியாது. சொல்லிக்கொடுப்பவர் ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை. எல்லாருக்கும் டீச்சர்.

டீச்சர் முதல் நாளே சொன்னார்: "கமகம் எல்லாத்தையும் வீட்டுல வச்சிட்டு வாங்க." கரோக்கேக்காரர்களுக்கு இதுதான் பெரிய தண்டனை. வரி முடியும் இடத்தில் ஆளுக்கொரு சங்கதி போட்டே பழகியவர்கள் நாங்கள். ஆறு பேர் ஆறு விதமாக நெளித்தால் பாட்டு எங்கே போய் நிற்கும்? ஒரு ஸ்வரத்தை நேராகப் பிடித்து, ஆடாமல் அசையாமல் நிறுத்துவது எவ்வளவு சிரமம் என்று அங்கேதான் தெரிந்தது. எக்கோ இல்லாத குரல் நிர்வாணமாக நிற்கிறது.

ஆனால் அதற்குப் பதிலாக ஒன்று கிடைக்கிறது. நாலைந்து பேர் ஒரே ஸ்வரத்தை மயிரிழை முன்பின்னாகப் பிடித்தால் காதுக்கு அது பிசகாகப் படுவதில்லை. அகலமான ஒரே குரலாகக் கேட்கிறது. தனியாகப் பாடினால் குத்தும் குறை அதற்குள் கரைந்துவிடுகிறது. பத்து வயலின் சேர்ந்து வாசிக்கும்போது வரும் நிறைவுக்கும் இதுதான் காரணம். சுமாரான குரல்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

சுருதி விஷயத்தில் கொஞ்ச நாள் இழுபறி. சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள், எண் கூடினால் சுருதியும் உயரும். கோயிலில் தேவாரம் பாடும் பெண்கள் ஐந்தரைக் கட்டைக்காரர்கள், ஆண்கள் ஒன்றரை. நடுவில் மூன்று கட்டை வைத்துப் பார்க்கலாம் என்றார்கள். பார்த்தோம். மேல் ச வரும்போதெல்லாம் எங்களுக்குக் கழுத்து நரம்பு புடைத்தது, பெண்களோ கீழே முணுமுணுத்தார்கள். இரண்டு தரப்புக்கும் ஆகாத சமரசம். கடைசியில் டீச்சர் ஒன்றரையிலேயே வைத்து, பெண்களை ஒரு ஸ்தாயி மேலே பாடச் சொன்னார். கீழ் ச முதல் மேல் ச வரை அடங்கிவிடும் மெட்டுகளுக்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது. அதற்கு மேல் ஏறி இறங்கும் பாட்டுகளை நாங்கள் தொடுவதில்லை.

அப்புறம் எங்கள் நாட்டுப்பண் நெகாராகூ. தெரிந்த பாட்டுதானே என்று நினைத்தால் அதில்தான் அதிகம் தடுமாறினோம். 1992இல் அதன் வேகத்தைக் கூட்டினார்கள், 2003இல் மறுபடி நிதானமாக்கினார்கள். இடைப்பட்ட காலத்தில் பள்ளிக்கூடம் போனவர்கள் எங்கள் குழுவில் நாலைந்து பேர். நிதானமாகத் தொடங்கினாலும் இரண்டாவது வரிக்குள் அவர்களுடைய கால்கள் அணிவகுப்புக்குப் போய்விடும். போதாததற்கு நாங்கள் பேராக்காரர்கள். 1957இல் நாட்டுப்பண்ணுக்கு எடுத்துக்கொண்ட மெட்டு பேராக் மாநிலப் பண்ணுடையது. ஆகவே அரசு நிகழ்ச்சி என்றால் ஒரே மெட்டில் அடுத்தடுத்து இரண்டு பாட்டு. ஜொகூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த பெண் முதல் ஒத்திகையில், "என்ன அண்ணே, மறுபடியும் முதல்லேர்ந்தா?" என்று கேட்டுவிட்டது. சிரித்தோம். ஆனால் அடுத்த நொடி எங்களில் பலர் மாநிலப் பண்ணின் மெட்டில் நெகாராகூவின் வரிகளைத்தான் பாடிக்கொண்டிருந்தோம். வாய்க்குப் பழக்கம் அப்படி.

சுதந்திர தினத்தன்று திடலில் பாடினோம். திறந்த வெளியில் சுவரும் இல்லை, கூரையும் இல்லை. வாயைவிட்டுப் போன சத்தம் திரும்பி வராது. டேவானில், அதாவது மண்டபத்தில், கேட்ட பக்கத்து ஆளின் குரல் அங்கே பாதிகூடக் கேட்கவில்லை. உடனே எல்லாருக்கும் கத்தத் தோன்றும். கத்தினால் சுருதி ஏறும். டீச்சர் எங்களை நேர் வரிசையாக நிற்க விடாமல் பிறை மாதிரி வளைத்து, தோளோடு தோள் ஒட்ட நிறுத்தினார். அதற்குப் பிறகு அடக்கிப் பாட முடிந்தது. மெட்டு இறங்கும் இடத்தில் எங்கள் குரலோடு திடலில் நின்ற பள்ளிப் பிள்ளைகளின் குரலும் வந்து சேர்ந்தது. கரோக்கேயில் எத்தனை வருடம் பாடினாலும் கிடைக்காத சுகம் அது.

மூச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீண்ட வரியில் எல்லாரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்கினால் பாட்டில் ஓட்டை விழும். பக்கத்து ஆள் எடுக்கும்போது நாம் எடுக்கக்கூடாது, அவ்வளவுதான் கணக்கு. இன்னொன்று, 'ம்' என்று முடியும் சொற்கள். ஒருவர் முந்தி, ஒருவர் பிந்தி வாயை மூடினால் வண்டு ரீங்காரம். டீச்சரின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒட்டும் நொடியில் எல்லாருடைய உதடும் ஒட்ட வேண்டும். ஒட்டிவிட்டால், வாய் மூடிய பிறகும் சுருதி அப்படியே நிற்கிறது. தமிழில் இப்படி முடியும் சொற்கள் ஏராளம் என்பது எங்கள் அதிர்ஷ்டம். சேர்ந்து பாடுபவர்களின் இதயத் துடிப்பு கூடவே ஏறி இறங்குகிறது என்று சுவீடனில் 2013இல் ஓர் ஆய்வு வெளியானது. மூச்சைப் பாட்டு ஆள்வதுதான் காரணமாம். விடிய விடிய பஜனை பாடியவர்களிடம் சொன்னால், அதற்கென்ன என்பார்கள்.

இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன் சென்னையில் 1970களில் இளைஞர்களை வைத்துச் சேர்ந்திசைக் குழு நடத்தியவர். பாரதி பாட்டையெல்லாம் பல குரலாகப் பிரித்துப் பாட வைத்தார். நாங்கள் அந்த அளவுக்குப் போகவில்லை. ஆண்களில் பாதிப் பேர் தம்புராவைப் போல ச-ப பிடித்து நிற்க, மற்றவர்கள் மெட்டைப் பாடுவது வரைதான் வந்திருக்கிறோம். தம்புரா வேலை யாருக்கும் பிடிக்கவில்லை. எனக்குப் பிடித்திருக்கிறது. அங்கே நின்றால்தான் மொத்தப் பாட்டும் காதில் விழுகிறது.

தீபாவளி உபசரிப்பு பாலாய் ராயா என்னும் ஊர்ப் பொது மண்டபத்தில். மேலே தகரக் கூரை, நாலு மணிக்கு மேல் வழக்கமான மழை. இரண்டாவது பாட்டில் கூரை இரைந்த இரைச்சலில் டீச்சரின் கை மட்டும்தான் தெரிந்தது. இடி இறங்கியதும் மைக்கை அணைத்துவிட்டார்கள். முறுக்குத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஜனம் மேடையைப் பார்த்தது. எங்கள் குழுவின் மூத்த பாட்டி, ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்த கை, "ஏம்பா, மழைக்குப் பயந்தா தோட்டத்துல பொழப்பு ஓடியிருக்குமா?" என்றபடி மேடையை விட்டு இறங்கினார். தோட்டத்தில் பாடிய தெம்மாங்கு ஒன்றை எடுத்துவிட்டார். அவர் ஓர் அடி கொடுக்க, நாங்கள் அதையே வாங்கிப் பாடினோம். ஒத்திகையில் இல்லாத பாட்டு, ஆனால் கொடுத்து வாங்கும் முறைக்கு ஒத்திகை எதற்கு? மூன்றாவது அடிக்கு நாற்காலிக்காரர்களும் வாங்க ஆரம்பித்தார்கள். சீன அக்காவின் கைத்தட்டல்தான் தாளம். சுருதி எத்தனை கட்டை என்று யாரும் கேட்கவில்லை. பாட்டி பிடித்ததுதான் சுருதி. மழை இரைச்சலுக்கு மேலே நூறு பேர் குரல் எழும்பியபோது என் குரல் எனக்கே கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றும் தோன்றவில்லை.

அந்தப் பாட்டை முறையாக எழுதிக்கொள்ளப் பாட்டி வீட்டுக்குப் போனோம். ஒவ்வொரு முறையும் ஓர் அடியை மாற்றிப் பாடுகிறார். எது சரி என்று கேட்டால், "எல்லாந்தான் சரி" என்கிறார். மூன்று வகையையும் கைப்பேசியில் பதிந்து வைத்திருக்கிறோம்.

பொங்கலுக்குக் கும்மி கேட்டிருக்கிறார்கள். சுற்றி வந்து குனிந்து நிமிர்ந்து பாடினால் மூச்சு எங்கே நிற்கிறது? ஆட்டக்காரர்கள் வேறு, பாட்டுக்காரர்கள் வேறு என்று பிரிக்கலாம் என்பது என் கட்சி. பெண்கள் ஒத்துக்கொள்ளவில்லை. வியாழக்கிழமை ஒத்திகையில் பேசித் தீர்க்க வேண்டும். ஒன்றரைக் கட்டை ஆண்குரல் இன்னும் இரண்டு பேர் இருந்தால் தேவலாம். கரோக்கே சத்தம் கேட்கும் வீடுகளாகப் பார்த்துக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறேன்.