குளிச்சா அரிப்பு, காரணம் சோப்பு இல்ல

அப்பாவுக்கு ஆறு மாசமா குளிச்சு முடிச்சாலே உடம்பெல்லாம் அரிப்பு, சோப்பு ஒத்துக்கலன்னு நெனச்சு நாலு சோப்பு மாத்துனோம், அலர்ஜி மாத்திரையும் போட்டாச்சு, கேக்கல. மூஞ்சி வேற செவந்து போயி இருக்கும், அம்மாப்பேட்டைல பாக்குறவங்க எல்லாம் நல்லா தெளிஞ்சிட்டீங்கன்னு சொல்ல நாங்களும் சந்தோஷப்பட்டுட்டோம், இப்ப நெனச்சா வயிறு கலங்குது.

தலைவலி, பாதம் எரிச்சல்னு வந்தப்பறம்தான் ரத்தம் டெஸ்ட் எடுத்தோம். ஹீமோகுளோபின் 19.4, ஹீமேட்டோகிரிட் (ரத்தத்துல சிவப்பணு எத்தன சதவீதம்ங்கறது) 58! ஆம்பளைங்களுக்கு 16.5, 49 தாண்டுனாலே ஏன்னு பாக்கணுமாம். சிகரெட், தூக்கத்துல மூச்சு அடைக்கறது, ரொம்ப உயரமான மலைல இருக்கறதுனாலயும் ஏறுமாம், அப்பாவுக்கு அது எதுவுமில்ல. ஜாக்2ங்கற ஜீன்ல மாற்றம் இருக்கான்னு பாக்கற டெஸ்ட் பாசிட்டிவ். வியாதி பேரு பாலிசைத்தீமியா வேரா, எலும்பு மஜ்ஜை சிவப்பணுவ அளவில்லாம உற்பத்தி பண்ணுது, ரத்தம் கெட்டியாகி எங்கயாவது கட்டிடுச்சுன்னா ஸ்ட்ரோக், ஹார்ட் அட்டாக்.

வைத்தியம் என்னன்னா ரத்தத்த எடுத்துடறதுதான், ரத்த தானம் மாதிரியே. ஹீமேட்டோகிரிட் 45க்கு கீழ நிக்கற வரைக்கும் எடுக்கணும், கூட சின்ன டோஸ் ஆஸ்பிரின், வயசு 60 தாண்டிட்டதால ரத்த அணு உற்பத்திய கொறைக்கற ஹைட்ராக்ஸியூரியா மருந்தும். அத்தை பாவம், ரத்தம் எடுத்தா தெம்பு போயிடும்னு இரும்புச்சத்து டானிக் வாங்கிட்டு வந்துட்டாங்க, டாக்டர் அத தொடவே கூடாதுன்னுட்டாரு, அது சிவப்பணுவ இன்னும் ஏத்திவிட்டுடும்.

உங்க வீட்லயும் யாருக்காவது குளிச்சப்பறம் இப்படி அரிச்சா ஒரு சிபிசி (ரத்த அணுக்கள எண்ணிப் பாக்கற டெஸ்ட்) எடுத்துப் பாத்துடுங்க ப்ளீஸ். அப்பாவுக்கு இப்ப ஹீமேட்டோகிரிட் 49க்கு எறங்கியிருக்கு, செவ்வாக்கெழமை மறுபடி எடுக்கணும்.